பலாலியும் மீனம்பாக்கமும்: வான்வழித் தூரமும் பயணக் காலமும்

தமிழ் மக்கள் தூரத்தைக் காலத்தாற் கூறும் வழக்கம் உடையவர்கள். ‘நாழிகை வழி’ என்பது அவ்வழக்கிற் பிறந்த சொல். ஒரு நாழிகை 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கும் தொலைவே நாழிகை வழி எனப்பட்டது. ‘ஒரு பகல் வழி’ என்பதும் அத்தகையதே. இதற்கு மாறாக, நிலத்திலே நட்ட கல்லைக்கொண்டு தொலைவு சொல்லும் வழக்கும் நம்மிடையே உண்டு. யாழ்ப்பாணத்துப் பெரியோர் ‘மூன்றாங் கட்டை’, ‘ஐந்தாங் கட்டை’ என்று இடங்களைக் குறித்தது மைற்கற்களை எண்ணியே ஆகும். முன்னது காலத்தால் அளப்பது. பின்னது இடத்தால் அளப்பது.

நடந்து செல்வோனுக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வழி இருமடங்காயிற் காலமும் இருமடங்காகும். ஆனால் விமானத்திற் செல்வோனுக்கு அவை ஒன்றல்ல. ‘சென்னைப் பட்டினம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?’ என்று வகுப்பிலே வினவினால், ‘ஒன்றேகால் மணித்தியாலம்’ என்பான் ஒரு மாணவன். ‘அரை நாள்’ என்பான் மற்றொருவன். ‘இரண்டு நாளாயிற்று’ என்பார் அவர்தம் பெற்றோர். மூவர் கூறுவதும் காலமே. தூரத்தை எவரும் கூறவில்லை. மூவர் கூற்றும் தம்மளவில் மெய்யாதலும் கூடும். தூரம் ஒன்றாயிருக்கக் காலம் பலவானது எங்ஙனம்? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் கற்பிக்கும் நாம் கணிதத்திலும் புவியியலிலும் புகுவதேன் என்று சிலர் கருதக்கூடும். சொல்லின் பொருளைத் தெளிவாக்குதல் தமிழாசிரியன் கடமை. ‘அண்மை’, ‘சேய்மை’ என்னும் இரு சொற்களின் பொருளை அறிய வேண்டுமாயின், பாகைமானியையும் கடிகாரத்தையும் நாம் கையில் எடுத்தே ஆகவேண்டும்.

1. தூரத்தை அளத்தல்

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். இஃது இவ்வளவு ஒழுங்கான எண்ணாக அமைந்தது தற்செயலன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரெஞ்சு அறிஞர்கள், மத்திய கோட்டிலிருந்து முனைவரையுள்ள தூரத்தை ஒரு கோடியாற் பிரித்து, அதில் ஒரு பங்கினை மீற்றர் என வரையறுத்தனர். ஆகவே அக்காற்பங்கு 10,000 கிலோமீற்றராகவும், முழுச் சுற்று 40,000 கிலோமீற்றராகவும் அமைந்தன.

வட்டத்திற்குப் பாகைகள் 360. எனவே வடக்குத் தெற்காக ஒரு பாகைக்குரிய தூரம் ஏறத்தாழ 111 கிலோமீற்றர். ஒரு பாகைக்குக் கலைகள் 60. ஒரு கலைக்குரிய தூரத்தையே மாலுமிகள் ‘கடல் மைல்’ என்றனர். 1929ஆம் ஆண்டிலே அனைத்துலக மாநாடொன்று கடல் மைலை 1,852 மீற்றர் என நிலைப்படுத்தியது. வானூர்தி ஓட்டுவோரும் இன்றுவரை இதனையே அளவாகக் கொள்கின்றனர். வரைபடத்தின் அகலக்கோட்டு வேறுபாட்டைக் கலைகளாக எண்ணிய மாத்திரத்தே தூரம் தெரிந்துவிடும் என்பதே இவ்வளவின் பெருமை.

இதனை நம் ஊருக்குப் பொருத்துவோம். பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9 பாகை 47 கலையில் உள்ளது. சென்னை விமான நிலையமாகிய மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையில் உள்ளது. இவற்றின் வேறுபாடு 3 பாகை 12 கலை. நெடுங்கோட்டை நோக்கின், இரண்டும் கிழக்கு 80 பாகையை ஒட்டியே கிடக்கின்றன. வேறுபாடு ஆறு கலை அளவினதே. எனவே மீனம்பாக்கம் பலாலிக்கு நேர் வடக்கே உள்ளது எனக் கொள்வதால் வரும் பிழை மிகச் சிறிது.

3 பாகை 12 கலை என்பது 192 கலை. ஆகவே தூரம் 192 கடல் மைல். அதனை 1.852 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 356 கிலோமீற்றர். பழைய கணக்கில் 221 மைல். ஒரு பெருக்கலும் ஒரு கழித்தலும் கற்ற சிறுவன் இதனைச் செய்து முடிக்கலாம்.

நேர் வடக்கே அமையாத ஊராயின் சற்று வேறு முறை வேண்டும். நெடுங்கோடுகள் முனைகளை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குவன. கிழக்கு மேற்காக ஒரு பாகை, மத்திய கோட்டில் 111 கிலோமீற்றராயிருக்க, நம் யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டில் ஏறத்தாழ 109 கிலோமீற்றராகவும், இலண்டன் மாநகரின் அகலக்கோட்டில் 69 கிலோமீற்றராகவும் குறைகின்றது, முனையிலோ ஒன்றுமில்லையாகிறது.

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அது பலாலிக்கு வடக்கே 58 கலையும், மேற்கே 1 பாகை 22 கலையும் தள்ளியுள்ளது. வடக்குத் தூரம் 58 கடல் மைல். மேற்குத் தூரம், நெடுங்கோட்டின் நெருக்கத்தைக் கழித்து, ஏறத்தாழ 80 கடல் மைல். இவ்விரண்டும் செங்கோண முக்கோணமொன்றின் இரு பக்கங்கள். பைதகரசின் விதிப்படி 58இன் வர்க்கம் 3,364; 80இன் வர்க்கம் 6,400; கூட்டுத்தொகை 9,764. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 99. எனவே தூரம் 99 கடல் மைல், அஃதாவது ஏறத்தாழ 183 கிலோமீற்றர்.

இவ்விடத்து மாணவர் ஒன்றை ஊன்றி நோக்குக. பலாலியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டிலே அளந்தால் 290 கிலோமீற்றர் வரும். ஆகவே நம் தீவின் பெரிய விமான நிலையத்தைக் காட்டிலும், கடலுக்கு அப்பாலுள்ள திருச்சிராப்பள்ளி நமக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் அண்மையில் உள்ளது. அண்மை என்பது நாட்டெல்லையைப் பொறுத்ததன்று என்பது இதனாற் பெறப்படும்.

2. உருண்டையின் மேல் நேர்வழி

சிறு தூரங்களுக்குத் தட்டையான முக்கோணம் போதும். பெருந்தூரங்களுக்கு அது போதாது. பூமி உருண்டையாதலின், இரண்டிடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகவுடைய பெருவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும்.

இதனை அறிதற்கு நூலொன்றும் கோளமொன்றும் போதும். கோளத்திலே கட்டுநாயக்காவில் நூலின் ஒரு முனையையும், இலண்டன் ஹீத்ரோவில் மறுமுனையையும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் தென்னிந்தியாவின் மேலாகச் சென்று, அரபிக் கடலைக் கடந்து, ஈரானையும் கருங்கடலையும் தாண்டி ஐரோப்பாவை அடையும். அதன் நீளம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். இனி, சுவரிலே தொங்கும் தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு கீறுங்கள். அக்கோடு அரேபிய நாட்டின் மேலாகச் செல்லும். பார்வைக்கு இதுவே நேர்வழி போலத் தோன்றினும், உண்மையில் நூல் காட்டிய வழியைவிட 200 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது. 1569இல் மெர்க்காற்றர் வகுத்த வரைபடமுறை மாலுமிக்குத் திசையைச் சரியாகக் காட்டும். தூரத்தைச் சரியாகக் காட்டாது. வளைந்ததாகத் தோன்றுவது நேராகவும், நேராகத் தோன்றுவது வளைவாகவும் இருத்தல் இதன்கண் நாம் பெறும் படிப்பினை.

3. வானிற் செல்லுங் காலம்

இனிக் காலத்திற்கு வருவோம். தூரத்தை வேகத்தால் வகுக்கக் காலம் வரும் என்பது சிறுவரும் அறிந்தது. 2019ஆம் ஆண்டில் பலாலி–சென்னைச் சேவை மீளத் தொடங்கியபோது அதில் ஈடுபட்டது ஏ.ரி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானம். அதன் வேகத்தை மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் எனக் கொள்ளலாம். 356ஐ 500ஆல் வகுத்து 60ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 43 நிமிடம் வரும். நம் முன்னோர் கணக்கில் இஃது இரண்டு நாழிகைக்கும் குறைவு.

ஆயினும் விமானம் மிதப்பது காற்றிலே. காற்றோ நில்லாது இயங்குவது. விமானியின் கருவி காட்டும் வேகம் காற்றை ஒட்டியது. நாம் கணக்கிட வேண்டிய வேகம் நிலத்தை ஒட்டியது. தோணி செலுத்தும் நம்மவர் சோளகத்தையும் வாடையையும் கச்சானையும் கொண்டலையும் நன்கறிவர். வானத்திலும் அதே நியதி. மேலே செல்லச் செல்லக் காற்றின் திசையும் வேகமும் மாறுமாதலால், நிலத்திலே வீசும் காற்றைக்கொண்டு வானத்தை மதிப்பிடல் தகாது என்பது மட்டுமே வேறுபாடு.

ஓர் எடுத்துக்காட்டு. விமானத்தின் பின்னிருந்து மணித்தியாலத்துக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசுகின்றது என வைத்துக்கொள்வோம். அப்போது நிலத்தை ஒட்டிய வேகம் 540. சென்னையை அடைய 39.6 நிமிடமாகும். திரும்பி வரும்போது அதே காற்று எதிர்க்கும், வேகம் 460. பலாலியை அடைய 46.4 நிமிடமாகும். இரண்டையுங் கூட்டினால் 86 நிமிடம். காற்றே இல்லாதிருந்தால் போகவும் வரவும் 85.4 நிமிடமே ஆகியிருக்கும். போகும்போது பெற்ற இலாபம் வரும்போது நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்யவில்லை என்பது காண்க. காரணம் யாதெனில், உதவுங் காற்றிலே விமானம் குறைந்த நேரமும், எதிர்க்குங் காற்றிலே கூடிய நேரமும் நிற்கின்றது. உதவி குறுகிய காலமும் இடையூறு நெடிய காலமும் நிலைப்பதால், கணக்கு என்றும் நட்டத்திலேயே முடியும்.

பலாலியின் குறுந்தூரத்தில் இவ்வேறுபாடு சில நிமிடங்களே. இலண்டன் போன்ற நெடுந்தூரத்தில் இது பெரிதாகும். நடு அகலக்கோடுகளில், ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் உயரத்திலே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருவேகத்தோடு காற்றோட்டம் ஒன்று செல்கின்றது. மாரிக்காலத்தில் அது மிக வலிமை பெறும். ஆகவேதான் கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் போகும் பயணம் நீண்டும், இலண்டனிலிருந்து வரும் பயணம் குறைந்தும் காணப்படுகின்றன.

4. அட்டவணைக் காலம்

43 நிமிடத்தில் முடியும் பயணத்துக்கு அட்டவணையிலே ஒன்றேகால் மணித்தியாலம் குறிப்பதேன்? விமான நிறுவனங்கள் குறிப்பது வானில் நிற்கும் காலமன்று. விமானம் தரிப்பிடத்தை விட்டு அசைந்த நேரத்திலிருந்து, மறு தரிப்பிடத்தில் வந்து ஓய்ந்த நேரம்வரையுள்ள காலமே அது. இதன்கண் அடங்குவன பல. தரையிலே ஊர்ந்து ஓடுபாதைக்குச் செல்லல். முன்னே நிற்கும் விமானங்களுக்கு வழிவிட்டுக் காத்திருத்தல். முழுவேகம் எய்தாது மேலேறுதல். வேகத்தைக் குறைத்து இறங்குதல். இறங்கும் முறைக்காக வட்டமிடல் என்பனவே அவை.

மேலும், விமானம் காற்றை எதிர்த்தே ஏறவும் இறங்கவும் வேண்டும். பலாலியின் ஓடுபாதை வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கின்றது. வாடையும் சோளகமும் வீசும் திசைகளோடு இஃது ஒத்திருத்தல் நோக்கற்பாலது. ஆனால் சென்னை இருப்பதோ நேர் வடக்கே. எனவே விமானம் எத்திசையில் எழுந்தாலும், பின்னர் திரும்பியே தன் வழியைப் பிடிக்கவேண்டும். பயணம் குறுகியதாக இருக்க இருக்க, இச்சில்லறைக் காலங்கள் முழுக் காலத்தில் பெரும்பங்கினைக் கவர்ந்துகொள்ளும். இலண்டன் பயணத்திலே இருபது நிமிடம் சிறுதுளி. பலாலிப் பயணத்திலோ அது கால்வாசிக்கும் மேலானது.

இதற்கும் மேலாக, பயணி செலவிடும் காலம் வேறு. முன்னதாகவே விமான நிலையத்திற்கு வருதல், பொதிகளை நிறுத்தல், கடவுச்சீட்டைக் காட்டல், சுங்கச் சோதனை, மறுகரையிலும் இவை மீண்டும் நிகழ்தல் ஆகிய யாவும் சேர்ந்து, வீட்டிலிருந்து வீடுவரை அரை நாள் கழியும். முதலில் நாம் கூறிய மாணவர் இருவரும் உரைத்தவை இவ்விரு காலங்களே. ஒருவன் அட்டவணையை நோக்கினான். மற்றவன் தன் அனுபவத்தை நோக்கினான்.

5. கடிகாரங் காட்டுங் காலம்

புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் கழித்துப் பயணக் காலம் காணல் எல்லா இடத்தும் பொருந்தாது. இரு நாடுகளின் கடிகாரங்கள் ஒத்திருந்தால் மட்டுமே அது சரியாகும். கட்டுநாயக்காவிலிருந்து நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்ட விமானம் 11 மணித்தியாலத்தில் இலண்டனை அடைகின்றது என்போம். நம் கடிகாரத்தில் அப்போது இரவு 11 மணி. மாரிக்காலத்தில் இலண்டன் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்தியிருப்பதால், அங்கே மாலை 5.30. கடிகாரங்களை மட்டும் நம்புவோன் ஐந்தரை மணித்தியாலத்தில் இலண்டனை அடைந்ததாக மகிழ்வான். திரும்பி வரும்போது அவன் மகிழ்ச்சி மறையும்.

இவ்வேறுபாடு தூர தேசங்களுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையும் இந்தியாவும் இன்று ஒரே நேரத்தையே கைக்கொள்கின்றன. ஆனால் 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரத்துக்கு மீண்டது. அப்பத்தாண்டுக் காலத்தில் கட்டுநாயக்காவிலிருந்து காலை 10 மணிக்குப் புறப்பட்ட விமானம் 80 நிமிடம் பறந்ததாயின், சென்னைக் கடிகாரம் 10.50 எனக் காட்டியிருக்கும். அதே விமானம் சென்னையிலிருந்து 12 மணிக்குத் திரும்பினால், கட்டுநாயக்காக் கடிகாரம் 1.50 எனக் காட்டியிருக்கும். போக 50 நிமிடம். வர 110 நிமிடம். காற்று மாறவில்லை, தூரமும் மாறவில்லை, அரசாணை ஒன்றே காலத்தை மாற்றியது.

6. மனிதர் நீட்டிய வழி

இதுகாறும் கூறியவை கணக்கினால் விளங்குவன. இனிக் கூறப்போவது வரலாற்றினாலேயே விளங்கும்.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையால் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது மக்கட்குப் பயன்பட்டது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்ட பலாலித் தளத்தின் வழியாகச் சென்னை சென்றது. நாடு விடுதலை பெறுவதற்கு இரு திங்களுக்கு முன்னரே நம் ஊர் சென்னையோடு வான்வழியால் இணைந்துவிட்டது. அக்காலத்து டக்கோட்டா விமானம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர் வேகத்திற் பறந்தது. அக்கணக்கில் பலாலி–சென்னைப் பயணம் வானில் 80 நிமிடம். மூன்றேகால் நாழிகை வழி என்க.

எயர் சிலோன் 1970களின் இறுதியில் மறைந்தது. 1983இல் போர் மூண்டது. அதன்பின் பலாலியிலிருந்து கடல் கடக்கும் பயணிகள் சேவை பல பத்தாண்டுகள் இல்லாதிருந்தது. விமானங்கள் உலகெங்கும் விரைவு பெற்ற அக்காலத்திலேதான் நமக்குச் சென்னை சேய்மையாயிற்று.

அச்சேய்மையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை செல்ல விரும்பியவர் முதலில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே சென்று, பின்னர் கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ 647 கிலோமீற்றர் வடக்கே பறந்தார். கூட்டுத்தொகை 1,050 கிலோமீற்றர் அளவு, நேர்வழியின் மும்மடங்கு. அத்தெற்கு வழியும் எந்நாளும் திறந்திருக்கவில்லை. கண்டி வீதி 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 ஓகஸ்ட் முதல் போர் முடியும் காலம் வரையும் பூட்டப்பட்டிருந்தது. அவ்வேளைகளில் திருகோணமலைக்குக் கப்பலேறியோ, அனுமதி பெற்று உள்நாட்டு விமானமேறியோ கொழும்பை அடைந்தனர். இரண்டு நாள் என்று பெற்றோர் கூறியது மிகையன்று. அவருட் பலர்க்கு அது குறைவேயாகும்.

இப்பொழுது மாணவர் ஒரு வரைபடத்தை விரித்து, கட்டுநாயக்காவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு கீறுக. கட்டுநாயக்காவின் நெடுங்கோடு 79 பாகை 53 கலை. மீனம்பாக்கத்தினது 80 பாகை 10 கலை. அக்கோடு எவ்விடத்து நம் தீவை விட்டு நீங்குகின்றது என்று நோக்குக. அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊடாகச் சென்று, நகரின் மேலாகவே கடந்து, பலாலிக்கு மேற்கே ஏழு கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிற் கடலை அடைகின்றது. விமானங்கள் தமக்கு விதித்த வான்பாதையிலே சற்று விலகிச் சென்றிருக்கலாம். ஆயினும் கணிதங் கீறிய கோடு அதுவே. தன் வீட்டிலிருந்து தெற்கே 400 கிலோமீற்றர் சென்ற மனிதன், தன் வீட்டுக் கூரைக்கு நேர் மேலே அமைந்த கோட்டிலேயே வடக்கே கொண்டுசெல்லப்பட்டான்.

192 கலை என்றும் 192 கலையே. போரும் அதனை நீட்டவில்லை. சமாதானமும் அதனைக் குறைக்கவில்லை. நீண்டதும் குறைந்ததும் காலமே. தந்தையாரின் அந்தியேட்டிக்கு மகன் வந்து சேர இயலாது போனமையும், மணவறைக்கு மாமன் வராது போனமையும், இரண்டு நாழிகை வழியிலே இருந்தவர் இருந்தவாறே ஏக்கமுற்றமையும் தூரத்தின் குற்றமல்ல.

இந்நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கிக்கும் யப்பானின் தோக்கியோவுக்கும் இடையே ஏறத்தாழ 7,800 கிலோமீற்றர். ரஷ்ய நாட்டின் மேலாகப் பறந்து ஒன்பதரை மணித்தியால அளவிலே அதனைக் கடந்து வந்தனர். 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டு, ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு அடைபட்டது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே பின்லாந்து விமானங்கள் வடமுனை வழியாகச் சுற்றிச் செல்லலாயின. பயணம் ஏறத்தாழ 13 மணித்தியாலமாயிற்று. செல்வமும் விஞ்ஞானமும் மிக்க நாட்டினரும் பூட்டிய வானத்தின் முன் சுற்றியே செல்லவேண்டியவராயினர்.

நம் வானம் மீளத் திறந்தது. 2019 ஒக்டோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயரோடு திறந்துவைக்கப்பட்டது. நவம்பர் 11ஆம் நாள் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் அது நின்று, 2022 டிசெம்பர் 12ஆம் நாள் மீண்டது. 2025 மார்ச் 30ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கும் நேர்ச்சேவை தொடங்கியது. இச்சேவைகள் சிறியன, ஓடுபாதையின் நீளம் விமானத்தின் பருமனை வரையறுக்கின்றது. எனினும் இவற்றின் பயனை விமானத்தின் பருமனால் அளத்தல் கூடாது. குறைந்த காலத்தால் அளத்தலே முறை.

7. தொகுப்புரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தூரம் இயற்கையினது, பாகைகளாலும் கலைகளாலும் அறியப்படுவது. வானிற் செல்லுங் காலம் பொறியினதும் காற்றினதுமாகும். அட்டவணைக் காலம் நிலையங்களின் ஒழுங்கைப் பொறுத்தது. கடிகாரக் காலம் அரசுகளின் ஆணையைப் பொறுத்தது. பயணியின் காலமோ இவையனைத்தையும், இவற்றோடு மனிதரின் நட்பையும் பகையையும் பொறுத்தது. ‘எவ்வளவு தூரம்?’ என்னும் வினாவுக்கு விடையிறுக்குமுன், எதனைக் கேட்கின்றார் என்பதைத் தெளிந்து விடையிறுத்தல் கற்றோர் கடன்.

இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பலர் இலண்டனிலிருந்தும் தொரன்றோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வருவர். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வரும் அவர்களை வரவேற்கின்றோம். அவர்களுள் மூத்தோர் மாணவர்க்குச் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. தாம் ஊரைவிட்டுப் புறப்பட்ட முதற் பயணம் எவ்வழியாக, எத்தனை நாளில் முடிந்தது என்பதை இளையோர்க்குச் சொல்லுவாராக. இளையோர் அதனை ஏட்டிலே குறித்து, அருகே நேர்வழித் தூரத்தையும் கணித்து எழுதுவாராக. அவ்விரண்டு எண்களுக்குமிடையே உள்ள வேறுபாடே நம் ஊரின் வரலாறு. அதனை எழுதிவைப்பார் இன்றேல், 192 கலையை மட்டும் கண்ட பிற்காலத்தார், நாம் என்றும் சென்னைக்கு அயலிலேயே வாழ்ந்தோம் என்று கருதிவிடுவர்.

மாணவர்க்குச் சில வினாக்கள்

1. கட்டுநாயக்காவுக்கும் மீனம்பாக்கத்துக்கும் அகலக்கோட்டு வேறுபாடு 5 பாகை 49 கலை. நெடுங்கோட்டு வேறுபாட்டை விடுத்துத் தூரத்தைக் காண்க. (விடை: 349 கடல் மைல், ஏறத்தாழ 646 கிலோமீற்றர்.)

2. பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குள்ள 183 கிலோமீற்றரை, மணித்தியாலத்துக்கு 500 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும் விமானம் எத்தனை நிமிடத்திற் கடக்கும்? அதனை நாழிகையிற் கூறுக. (விடை: ஏறத்தாழ 22 நிமிடம், ஒரு நாழிகைக்கும் குறைவு.)

3. பலாலி–சென்னை வழியிலே காற்றின் வேகம் 40க்குப் பதிலாக 100 கிலோமீற்றராயின், போகவும் வரவும் ஆகும் காலத்தைக் கண்டு, காற்றில்லாக் காலத்தோடு ஒப்பிடுக. (விடை: 35.6 நிமிடமும் 53.4 நிமிடமும் கூடி 89 நிமிடம். காற்றில்லாக் காலத்தைவிட ஏறத்தாழ மூன்றரை நிமிடம் கூடுதல்.)